மாடு போகிற சந்து

அன்று காலை மாட்டை அவிழ்த்துவிட்டேன். வழக்கம்போலப் பின்கட்டிலிருந்து சந்துப் பக்கம் போனது. கன்றுக்குட்டியும் பின்னாலேயே போனது. நான் தொட்டியைக் கழுவி, சாணத்தை அள்ளிப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தால் தெருவில் மாட்டைக் காணோம்.

சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். முதலில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. சந்தின் நடுவே, தெருவிலிருந்து பின்கட்டு வரை நீளவாக்கில் ஒரு சுவர் நின்றது. ஹாலோ பிளாக் கல். என் தோள் உயரம். கலவை காயக்கூட இல்லை, தொட்டால் விரலில் ஒட்டியது.

சுவருக்கு என் பக்கம் மிச்சமிருந்த இடுக்கின் அந்தக் கோடியில் என் மாட்டின் முகம் தெரிந்தது. மூக்கை உள்ளே நுழைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. வயிறு நுழையாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. திரும்பிப் போகவும் இல்லை. உச்சி வெயில் வரைக்கும் அப்படியே நின்றது.

இந்தப் பத்தியில் இரண்டு வாரமாகச் சத்துணவுக் கூடத்துப் புகையையே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், படிக்கிற எங்களுக்கே கண் எரிகிறது என்று ஒரு வாசகி போனில் சொன்னார். சரி, இந்த வாரம் அடுப்பை அணைத்துவிட்டு மாட்டிடம் வருகிறேன். சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று இருந்தது அந்த மாடு ஒன்றுதான். அந்தச் சுவர் நின்றால் மாடு இருக்க முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைச் சுவர்

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் என் வீட்டுக்காரரும் ரிஷிவந்தியத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது, தூறல் வேறு. சந்தை யார் பார்த்தார்கள்? நேரே போய்ப் படுத்துவிட்டோம்.

எங்கள் சங்கராபுரம் பக்கம் ஒரு சாமர்த்தியம் உண்டு. தகராறு வரும் என்று தெரிந்த சுவரை ஞாயிற்றுக்கிழமைதான் எழுப்புவார்கள். அன்றைக்கு எந்த ஆபீஸும் திறந்திருக்காது. திங்கட்கிழமை போய்ச் சொன்னால், "அதான் கட்டிட்டாங்களே" என்பார்கள்.

பக்கத்து வீட்டுக் குமாரைக் கூப்பிட்டேன். குமரவேல் என்று பெயர். சிங்கப்பூரில் பல வருஷம் இருந்து சம்பாதித்து வந்து, பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் சத்துணவுக் கூடத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு முட்டை கிடைக்குமா என்று கடைசி வரைக்கும் நின்ற பையன் அவன்.

"இன்னாடா இது?" என்றேன்.

"காம்பவுண்டு சின்னம்மா. எங்க எடத்துலதான் வெச்சிருக்கேன்."

"மாடு எப்டிடா போவும்?"

"மாட்டுக்காக நான் காம்பவுண்டு இல்லாம இருக்க முடியுமா சின்னம்மா? டைல்ஸு போட்டு, பெயிண்ட் அடிச்சு, பாத்துப் பாத்துக் கட்டிக்கினு இருக்கேன். ஜன்னலத் தெறந்தா சாணி நாத்தம் உள்ள வருது."

"வெக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வுட்டிருப்பீங்களா?"

உண்மையான பதில்தான். விட்டிருக்க மாட்டேன்.

அவனுக்குப் பின்னால், சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவன் அம்மா தனம் நின்றுகொண்டிருந்தாள். தனமும் நானும் ஒரே வருஷத்தில் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவர்கள். பிரசவ வலி வந்தபோது என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது அவள்தான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். சுவரைக் காட்டிலும் அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

தாவாரம் போன கதை

இந்தச் சந்து எப்படி வந்தது என்று சொன்னால்தான் சண்டை விளங்கும்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எல்லாமே ஓட்டு வீடு. ஓட்டின் தாவாரம் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்தால் தண்ணீர் அந்த ஓரத்தில் சொட்டும். தாவாரத் தண்ணி விழுகிற இடம் வரைக்கும் வீட்டுக்காரன் இடம். இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. என் மாமனார் வீட்டுத் தண்ணீர் விழ ஒரு பட்டை இடம், தனம் வீட்டுத் தண்ணீர் விழ ஒரு பட்டை இடம். இரண்டும் சேர்ந்துதான் சந்து. அதில் மாடு போகும், விறகு வண்டி போகும், கார்த்திகை மழையில் கணுக்கால் அளவு தண்ணீரும் போகும்.

பிறகு ஒவ்வொருவராகத் தளம் போட்டோம். ஓடு போனது, தாவாரமும் போனது. தண்ணீர் குழாய்க்குள் இறங்கிவிட்டது. கீழே இருந்த இடம் மட்டும் வெறுமனே கிடந்தது. அங்கே ஒரு கல்லை நட்டு வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தாவாரம் இருக்கும்போது கல் எதற்கு என்று பெரியவர்கள் விட்டார்கள். தாவாரம் போன பிறகும் அதே ஞாபகத்தில் நாங்கள் விட்டோம். எங்கள் தெரு முழுக்கச் செய்த தப்பு இது. இன்றைக்கும் எந்தப் புது வீடு எழும்பினாலும் முதல் சண்டை இந்த இடத்துக்குத்தான் வருகிறது.

என் வீட்டுக்காரர் சண்டை என்றாலே டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறவர். அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"வுடு மல்லிகா. பக்கத்து வூடு. தெனமும் மூஞ்சப் பாக்கணும். மாட்ட வித்துடலாம்."

"மாட்ட வித்துட்டா அந்த மூஞ்ச நான் எப்டிப் பாப்பேன்?" என்றேன். அவர் சத்தத்தைக் கூட்டினார்.

செவலை, பெயர் வெள்ளி

ஏதோ ஒரு மாடு என்றால்கூடப் போகட்டும் என்று இருந்திருப்பேனோ என்னவோ. இது வெள்ளி.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் வாங்கியது. வாங்கப் போன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பஸ் ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கியது. மேலே ஏற ஏறக் காது அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. இறங்கியதும் கடுக்காய் காயப்போட்ட வாசனை அடித்தது. அங்கே ஒரு அம்மா, வேலியோரம் கட்டியிருந்த செவலைக் கிடாரியைக் காட்டினார்.

"இது பின்னால நடக்காதும்மா," என்றார். "ஒத்தையடிப் பாதையில பொறந்தது. முன்னால வழி இருந்தா போவும். இல்லன்னா நிக்கும். வாலப் புடிச்சு இழுத்தீங்கன்னா கால ஒடச்சுக்கும், திரும்பாது."

எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. செவலை மாட்டுக்கு யாராவது வெள்ளி என்று பெயர் வைப்பார்களா என்று தெருவே சிரித்தது. வெள்ளிமலையிலிருந்து வந்ததால் வெள்ளி, இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் தெருவில் இருக்கிற மற்றதெல்லாம் கலப்பின மாடு. குடம் குடமாகக் கறக்கும். வெள்ளி கறப்பது கம்மிதான். ஆனால் அதன் பால் காயும்போது மூன்றாவது வீடு வரைக்கும் வாசனை போகும். தனமே சொல்லியிருக்கிறாள். இத்தனை வருஷமாக அவள் வீட்டுக் காபி வெள்ளி பாலில்தான். சுவர் வந்ததிலிருந்து பாக்கெட் பால் வாங்க ஆரம்பித்தாள்.

சங்கிலி வந்த நாள்

மனு கொடுத்தேன். தாலுகா ஆபீஸில் கொடுத்தேன். திங்கட்கிழமைகளில் கள்ளக்குறிச்சிக்குப் போய், குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்றும் கொடுத்தேன். அந்த வரிசையில் நிற்பது தனி அனுபவம். முன்னால் ஒருவர் பாதையைக் காணோம் என்று நிற்பார், பின்னால் ஒருவர் கிணற்றையே காணோம் என்று நிற்பார். என் முறை வந்ததும், "எம் மாடு வெளிய வர வழி இல்ல சார்" என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றும் நன்றி.

ஒரு நாள் அளக்க வந்தார்கள். சர்வேயர் சின்னப் பெண், வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தார். பழைய எல்லைக்கல் எங்கே என்று கேட்டார். அது குமாரு கொட்டியிருந்த எம்-சாண்ட் குவியலுக்கு அடியில் கிடந்தது. மணலை ஒதுக்கி, தோண்டி எடுத்தார்கள். அங்கிருந்து அளவுச் சங்கிலி பிடித்தார்கள். தெருவே வந்து நின்றது. நான் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கம் குமாரும் வேண்டிக்கொண்டுதான் நின்றிருப்பான்.

அளந்து முடித்து அந்தப் பெண் சொன்னார்: "அம்மா, சந்துல பாதி உங்களோடது, பாதி அவங்களோடது. அவங்க சுவர் உங்க பக்கம் ஒரு சாண் வந்திருக்கு. அத அவங்க தள்ளி வெச்சிக்கணும். மத்தபடி அவங்க பாதியில அவங்க சுவர் வெச்சிக்கலாம்."

ஜெயித்தது ஒரு சாண். அந்த ஒரு சாணையும் சேர்த்துப் பார்த்தாலும் என் பாதிச் சந்தில் ஓர் ஆள்தான் பக்கவாட்டில் போகலாம். மாடு போகாது. நானே மனு போட்டு, நானே வரிசையில் நின்று கொண்டுவந்த சங்கிலி அது. சொன்னது நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

குமாரு தகராறு செய்யவில்லை. "அந்த ஒரு சாண வூடு குடிபோன பிற்பாடு தள்ளி வெச்சிக்கறேன் சின்னம்மா" என்றான்.

என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் இந்த விவகாரத்தில் முதல் முறையாக ஒரு நல்ல வார்த்தை சொன்னார். அதையும் தெருவில் நின்று, எல்லாரும் கேட்கும்படி சொன்னார்:

"ரிஷிவந்தியத்துல அர்த்தநாரி சாமியே பாதி பாதியாதான் இருக்குது. அதுக்காக நடுவுல யாருனா சுவர் வெச்சாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். தனம்கூட வாயை முந்தானையால் மூடிக்கொண்டதைப் பார்த்தேன். ஆனால் சுவர் நின்ற இடத்திலேயே நின்றது.

டிவிக்கு நடுவே

மாட்டை விற்கமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. அப்புறம் அது மேய்ச்சலுக்கு எப்படிப் போகும்? வீட்டுக்குள்ளே புகுந்துதான்.

காலையில் பின்வாசலைத் திறப்பேன். வெள்ளி சமையல்கட்டைத் தாண்டி, கூடத்தில் நுழைந்து, ஈசிச்சேருக்கும் டிவிக்கும் நடுவே நடந்து, முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கும். சாயங்காலம் முன்வாசலில் ஏறி, அதே வழியாகப் பின்கட்டுக்குப் போகும். வழுக்காமல் இருக்கச் சாக்கு விரித்து வைப்பேன். முதல் சில நாள் பயந்தது. பிறகு பழகிவிட்டது. படியைக் கண்டால் தானே காலைத் தூக்கி வைக்கும். எங்கேயும் நிற்காது. முன்கதவில் நுழைந்தால் பின்கதவுதான் என்று மனசில் வாங்கிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்து, மாட்டின் வயிற்றுக்கு அடியில் செய்தி பார்க்கக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் கூடத்தின் நடுவிலேயே சாணம் போட்டுவிட்டது. அவர் எழுந்து போய் முறத்தை எடுத்துவந்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அன்றைக்குத்தான் அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது.

தெருவில் கேலி செய்தார்கள். "மல்லிகா வூட்ல மாடுதான் விருந்தாளி" என்றார்கள். சொல்லட்டும் என்று இருந்தேன். விடிந்தால் மாடு கூடத்தில் நடக்கும், பொழுது போனால் கூடத்தில் நடக்கும். குமாரு தன் வாசலில் நின்று தினமும் பார்த்தான். அவன் பார்க்க வேண்டும் என்றுதான் முன்கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைப்பேன். இதற்கு நடுவே ஒரு வக்கீலைப் பார்த்து, காலங்காலமாகப் போன வழி என்று கோர்ட்டுக்குப் போகலாமா என்றும் கேட்டுவிட்டு வந்தேன். வருஷக்கணக்கில் ஆகும் என்றார். ஆகட்டும் என்றேன்.

தனம் வந்தாள்

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். பந்தல் போட்டார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் தனம் என் வாசலுக்கு வந்தாள். படி ஏறவில்லை.

"மல்லிகா" என்றாள்.

"இன்னா?"

"ஐயரு கன்னு போட்ட பசுமாடு கேக்கறாரு. நாட்டு மாடா இருக்கணுமாம். குமாரு நாலு தெரு அலஞ்சிட்டு வந்துட்டான். எல்லாம் ஜெர்சியாதான் இருக்குது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எம் மாட்டு சாணி நாறுது. மாடு மட்டும் மணக்குதா?"

தனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் இன்னா பண்ணுவேன் சொல்லு. புள்ள கையப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கறவ நான். எனுக்கு வாய் இருக்குதா?"

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் கண்ணாலேயே ஜாடை காட்டினார். இதுதான் சமயம், சுவரை இடித்தால் மாடு என்று சொல் என்பது அதன் அர்த்தம். எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நல்ல காரியத்துக்குக் கேட்கிற மாட்டை வைத்துப் பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை. சந்துச் சண்டை சந்துக்கு. அதற்குத்தான் கோர்ட்டு இருக்கிறது.

"காலையில ஓட்டிக்கினு வரேன், போ," என்றேன். "ஆனா சுவர் விஷயத்த நான் வுட்டுட்டேன்னு ஒம் புள்ள நெனச்சிக்க வேணாம்."

கோமாதா உள்ளே

விடிகாலையில் வெள்ளியைக் குளிப்பாட்டினேன். நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்தி மாலை போட்டேன். கன்றுக்கும் ஒரு சின்ன மாலை. எங்கள் கூடத்தின் வழியே நடத்தி, தெருவில் இறக்கி, தனத்தின் வாசலுக்குக் கொண்டுபோனேன்.

புது வீடு நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. தேக்குக் கதவு, வழவழவென்று தரை. மாட்டுக்கு வழுக்கும் என்று வாசலிலிருந்து சாக்கு விரித்திருந்தார்கள். ஹோமப் புகை கண்ணைக் கரித்தது. சமையல்கட்டில் பால் காய்ச்சப் பானை தயாராக இருந்தது. வீடு கட்டிய மேஸ்திரி, அவர்கள் எடுத்துக்கொடுத்த புது வேட்டியில் விறைப்பாக நின்றிருந்தார்.

நான் கயிற்றைப் பிடித்தபடி படியேறினேன்.

"கயித்த விட்டுடுங்கம்மா," என்றார் ஐயர். "கோமாதா தானா நுழையணும்."

விட்டேன். வெள்ளி படியைப் பார்த்தது. வலது காலைத் தூக்கி வைத்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உள்ளே நுழைந்த மாடு ஹோமத்தைச் சுற்றிக்கொண்டு போனது, புது சோபாவைத் தாண்டிப் போனது. திருப்பிக் கூட்டிவரக் கை நீட்டியவர்களைச் சட்டை செய்யாமல் சமையல்கட்டுக்குள் நுழைந்து, பால் பானையை ஒரு முறை முகர்ந்துவிட்டு, பின்கதவு வழியாக வெளியே இறங்கிவிட்டது. கன்றும் பின்னாலேயே போனது.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் திக்கென்றது. முன்கதவில் நுழைந்தால் பின்கதவு என்று அதற்குக் கற்றுக் கொடுத்தது அந்தச் சுவர்தான். பின்பக்கம் இறங்கினால் அடுத்து எங்கே போகும்? பிறந்தது முதல் போய்ப் பழகிய... இல்லை, எங்கள் வீட்டுக்கு வந்தது முதல் போய்ப் பழகிய சந்துக்குத்தான் போகும்.

ஓடினேன். அதற்குள் போய்விட்டது. குமாரின் புது வீட்டுச் சுவருக்கும் குமாரின் புதுக் காம்பவுண்டுக்கும் நடுவில், பைப்புக்காக அவன் விட்டுவைத்த இடுக்கு. பின்பக்கம் கொஞ்சம் அகலமாகத் தொடங்கி, முன்னால் போகப் போகக் குறுகும். வெள்ளி பாதி தூரம் போய் வயிறு இரண்டு பக்கமும் முட்டி நின்றுவிட்டது. மாலை பைப்பில் சிக்கிக்கொண்டது. அது தலையைத் தூக்கி "ம்மா" என்று கத்தியது பந்தல் வரைக்கும் கேட்டது. கன்றுக்கு ஒரு கவலையும் இல்லை. பின்னங்காலுக்கு இடையில் தலையை விட்டுப் பால் குடிக்க ஆரம்பித்துவிட்டது.

குமாரு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். "வாலப் புடிச்சுப் பின்னால இழுங்கடா!"

நாலைந்து பேர் கை நீட்டினார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"எம் மாட்டு மேல எவன்னா கை வெச்சீங்க, நடக்கறதே வேற. அது பின்னால வராது. இழுத்தா கால ஒடச்சுக்கும். கன்னு வேற கீழ நிக்குது."

"அப்ப இன்னா சின்னம்மா பண்றது?"

"முன்னால வழி இருந்தா போவும்."

அவன் முன்னால் பார்த்தான். அவன் வைத்த சுவர்தான் இடுக்கை நெருக்கிக்கொண்டு நின்றது.

"நீங்க வேணும்னே பண்றீங்க!" என்று கத்தினான். மாடு மறுபடியும் கத்தியது. உள்ளேயிருந்து ஐயர் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "முகூர்த்தம் போயிண்டிருக்கு. பசு கதறிண்டிருக்கும்போது அந்த வீட்டில பால் காய்ச்சறது நன்னா இருக்காது."

குமாரு என்னைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், கடைசியில் அம்மாவைப் பார்த்தான். தனம் பின்படியில் புதுப் புடவையோடு நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சுவரிலிருந்து அன்று வரைக்கும் அவள் மகனுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

"இடிடா," என்றாள்.

"அம்மா..."

"அந்த மாட்டுப் பாலக் குடிச்சு வளந்தவங்கடா ஒம் புள்ளைங்க. இடிடான்றேன்!"

கடப்பாரையை மேஸ்திரிதான் எடுத்தார். புது வேட்டியோடு, தான் கட்டிய சுவரின் மேல்வரிசைக் கல்லைத் தானே நெம்பினார். பிறகு குமாரே வந்து அடுத்த கல்லைக் கையால் பிடித்துத் தள்ளினான். கல் ஒவ்வொன்றாக என் வீட்டுப் பக்கம் விழுந்தது. நான் தெருப் பக்கமாகச் சுற்றி வந்து மாட்டின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வயிறு விலக இடம் கிடைத்ததும் வெள்ளி ஒரு தடவை உடம்பை உதறியது. உடைந்த கல்லைத் தாண்டி, சந்து வழியாக, வழக்கம்போலத் தெருவுக்குப் போய் எதிர்வீட்டு வேலியில் வாய் வைத்தது.

உள்ளே பால் பொங்கியது. குலவைச் சத்தம் கேட்டது. எனக்கு அங்கேயே, அந்தக் கல் குவியலின் மேலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்து அழுதேன்.

கல் நட்டது

நான் திட்டம் போட்டுத்தான் மாட்டை அனுப்பினேன் என்று எங்கள் தெருவில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்த அளவுக்கு எனக்கு மூளை இருந்தால் நான் ஏன் திங்கட்கிழமை திங்கட்கிழமை வரிசையில் நிற்கிறேன்?

பந்திக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். குமாரே இலை போட்டான். பாயசம் ஊற்றும்போது, முகத்தைப் பார்க்காமல், "சுவர இனிமே எழுப்பல சின்னம்மா" என்றான்.

இதோடு விட்டிருந்தால் கதை சுபம். நான் விடவில்லை.

"வாய்ப் பேச்சு வேணாம் குமாரு," என்றேன். "நீயும் நானும் போனப்புறம் ஒம் புள்ளைக்கும் எம் புள்ளைக்கும் இது தெரியாது. தாவாரத்த நம்பித்தான் நாம கெட்டோம். கல்லு நடணும். ரெண்டு வூட்டுக்கும் பொதுச் சந்துன்னு ரிஜிஸ்டர் பண்ணணும்."

"பாயசம் குடிங்க சின்னம்மா, அப்புறம் பேசலாம்."

"பேசிட்டுக் குடிக்கறேன்."

பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அப்பளத்தை நொறுக்கியபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமாரு பாயச வாளியைக் கீழே வைத்தான். பிறகு சரி என்றான். எரிச்சலோடுதான் சொன்னான். எரிச்சலோடு சொன்னாலும் சரி சரிதான்.

சொன்னபடி வந்து கையெழுத்தும் போட்டான். தெரு முனையில் ஒரு கல், பின்கட்டில் ஒரு கல். சந்தின் நட்டநடுவில், மாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் தலை மட்டும் வெளியே தெரிய நட்டோம். குழி தோண்டியது அவன், கல்லைப் பிடித்துக்கொண்டது நான். உடைந்த ஹாலோ பிளாக் கல்லையெல்லாம் சந்தில் பரப்பி, மேலே மண் கொட்டி மேடாக்கிவிட்டான். இப்போது மழை பெய்தாலும் சேறு இல்லை. மாடு நிம்மதியாகப் போகிறது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து செய்தி பார்க்கிறார்.

தனத்தின் புதுச் சமையல்கட்டு ஜன்னல் சந்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. கல் நட்ட மறுநாள் காலை பால் கறந்து எடுத்துக்கொண்டு சந்து வழியாக வந்தேன். ஜன்னல் திறந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் தனம் பழைய பித்தளைச் சொம்பை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் எம்மேல கோவமாடி?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றேன். கம்பி வழியாகச் சொம்பு வழிய ஊற்றினேன்.